வெட்டும் கத்தியும் மாட்டி வைக்கும் கத்தியும்

அமெரிக்கக் கத்திக் கொல்லர் சங்கத்தில் 'ஜர்னிமேன்' என்ற முதல் தகுதியைப் பெற விரும்புகிறவர், தன் கையால் அடித்த ஒரு கத்தியோடு ஆசான் ஒருவர் முன் போய் நிற்க வேண்டும். அலகு 10 அங்குல நீளத்தையும் 2 அங்குல அகலத்தையும் தாண்டக் கூடாது. முதலில், ஓர் அங்குலத் தடிமனுள்ள மணிலாக் கயிற்றைத் தொங்கவிட்டு ஒரே வீச்சில் அறுக்கச் சொல்வார்கள். கயிற்றின் கீழ்முனையை யாரும் பிடித்திருக்க மாட்டார்கள். கூர் சற்றே மழுங்கியிருந்தாலும் கயிறு ஒதுங்கிப் போய்விடும். அடுத்து, கட்டட வேலைக்கான இரண்டுக்கு நாலு அங்குலச் சட்டத்தை இரண்டு முறை முழுதாகத் துண்டாகும்வரை கொத்த வேண்டும். பிறகு, மரத்தைக் கொத்திய அதே கூர்ப்பகுதியால் முன்கை மயிரைச் சிரைத்துக் காட்ட வேண்டும். கடைசியில் கத்தியை வைஸில் இறுக்கி 90 டிகிரி வரை வளைப்பார்கள். கூர்ப்பக்கம் ஓரளவு விரிசல் விடலாம். அலகு முறிந்தால் தேர்வு போயிற்று.

பில் மொரான் உள்ளிட்ட நால்வர் 1976இல் தொடங்கிய சங்கம் இது. இந்தத் தேர்வின் நுட்பம் அதன் வரிசையில் இருக்கிறது. சிரைப்பது மட்டும் வேலை என்றால் சவர பிளேடு போதும். கொத்துவது மட்டும் என்றால் கோடரி போதும். மரத்தைக் கொத்திய பிறகும் மயிரைச் சிரைக்க வேண்டுமென்றால் கூர் மிகக் கடினமாக இருக்க வேண்டும். முறியாமல் வளைய வேண்டுமென்றால் முதுகு இளக்கமாக இருக்க வேண்டும். ஒன்றையொன்று மறுக்கும் இந்த இரண்டு குணங்களையும் ஒரே இரும்புத் துண்டுக்குள் குடிவைக்கத் தெரிந்தவரா என்பதைத்தான் சோதிக்கிறார்கள். கத்தியின் அழகையும் பார்ப்பார்கள், ஆனால் பிறகு. அட்லாண்டாவில் ஆண்டுதோறும் நடக்கும் கத்திக் கண்காட்சியில் வேறு ஐந்து கத்திகளை நடுவர்கள் முன் வைக்க வேண்டும். பொருத்தம், மெருகு, வடிவ ஒழுங்கு எல்லாம் அங்கே அலசப்படும். வளைந்து வீணாய்ப்போன முதல் கத்தி இல்லாமல் அந்த ஐந்தும் மேடையேற முடியாது.

இன்று இணையச் சந்தையில் 'கத்தி' என்று தேடினால் வருகிறவற்றில் கணிசமானவை இந்தத் தேர்வின் வாசலைக்கூட மிதிக்க முடியாதவை. டிராகன் தலை வைத்த பிடி, வௌவால் இறக்கைபோல் விரிந்த அலகு, மூன்று நான்கு முனைகள், நடுவே ஓட்டைகள், சிவப்புக் கல் பதித்த காப்பு. திரைப்படங்களும் வீடியோ கேம்களும் பெற்றெடுத்த பிள்ளைகள் இவை. விரும்பி வாங்கிச் சேர்ப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அந்த ஆசையில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் இவை கத்தி என்ற பெயரில், கத்தியின் பளபளப்போடு, சில நேரம் கத்தியின் விலையிலேயே விற்கப்படுகின்றன. ஒருநாள் யாரோ ஒருவர் அதை எடுத்துத் தேங்காய் உடைக்கப் போகிறார். அலகு பிடியிலிருந்து கழன்று பறக்கிறது. ஆகவே இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு எது என்று கேட்பது வெறும் ரசனை விவகாரம் ஆகாது.

பளபளப்பு அந்தக் கோட்டைக் காட்டாது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டு செய்யப்படும் 18-8 வகை உருக்கில் கார்பன் 0.08 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதில்லை. எவ்வளவு சூடேற்றி எத்தனை முறை நீரில் தோய்த்தாலும் அது கடினப்படாது. கத்தி வடிவில் வெட்டி மெருகேற்றினால் கண்ணாடிபோல் மின்னும். தக்காளித் தோலில் வழுக்கும். மலிவான அலங்காரக் கத்திகளில் அதிகம் காணப்படுவது 420 வகை. அதில் கார்பன் 0.15 முதல் 0.4 வரை. ஒழுங்காகச் சூடேற்றித் தோய்த்தால் அதிலிருந்து ஒரு சுமாரான கத்தியை உண்டாக்கிவிடலாம். சுவரில் தொங்கப்போகிற பொருளுக்கு அந்தச் செலவு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.5, 0.6 வரை உண்டு. நம் ஊர்க் கொல்லர்கள் கழித்துப் போட்ட லாரிப் பட்டையைத் தேடி வாங்குவது விலை குறைவு என்பதற்காக மட்டும் இல்லை.

உருக்கு எதுவாக இருந்தாலும் அதைக் கத்தியாக்குவது தோய்ச்சல்தான். ஏறத்தாழ 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது உருக்கின் உள்கட்டமைப்பு மாறி, கார்பன் இரும்புக்குள் கரைகிறது. 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்குப் பிடி கொடுக்காமல் போகும். வெப்பமானி இல்லாத கொல்லர்கள் காந்தத்தைத் தொட்டுப் பார்த்தே பதம் அறிகிறார்கள். அந்தச் சூட்டில் எடுத்துச் சட்டென்று குளிரவைத்தால் கரைந்த கார்பன் வெளியேற வழியில்லாமல் சிறைப்பட்டு, உருக்கு அரத்துக்கே மசியாத அளவுக்குக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் உடையவும் செய்யும். எனவே மறுபடியும் 200 டிகிரியை ஒட்டி மிதமாகச் சூடேற்றி முரட்டுத்தனத்தைத் தணிக்க வேண்டும். தேய்த்துச் சுத்தப்படுத்திய அலகில் அந்தச் சூடு நிறமாகத் தெரியும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, 300 டிகிரிக்கு அருகில் நீலம். கூர் மஞ்சளில் நிற்க வேண்டும். முதுகு நீலத்துக்குப் போகலாம்.

இதை நேபாளத்துக் காமி சமூகக் கொல்லர்கள் செய்யும் முறை பார்க்கப் பார்க்க அலுக்காது. குக்ரியை உலையிலிருந்து சிவக்கச் சிவக்க எடுத்து, கூர்ப்பக்கம் மேலே தெரியும்படி பிடித்துக்கொண்டு, ஒரு சாதாரணக் கெட்டிலின் மூக்கிலிருந்து நீரை மெல்லிய தாரையாகக் கூர் நெடுகிலும் ஓடவிடுகிறார்கள். நீர் பட்ட இடம் உடனே கறுக்கிறது. முதுகு இன்னும் சிவப்பாகவே கனன்றுகொண்டிருக்கும். முதுகில் தங்கிய சூடு மெல்லக் கூரை நோக்கி நகர்ந்து வரும்போது அதன் கடினத்தைத் தேவையான அளவு தணித்துவிடுகிறது. எங்கே நிறுத்துவது, எத்தனை முறை ஊற்றுவது என்பதெல்லாம் அந்தக் கொல்லரின் கண்ணில் இருக்கிறது. வேலை முடிந்து மெருகிட்ட பிறகு இந்தக் கணத்தின் தடயம் எதுவும் வெளியே தெரியாது. கத்தியின் உயிர் பார்வைக்கு அகப்படாத இடத்தில் இருக்கிறது. போலிகள் இவ்வளவு எளிதாகப் பெருகுவதும் அதனால்தான்.

அடுத்தது கூரின் தடிமன். வெட்டு என்பது ஓர் ஆப்பு பொருளைப் பிளந்து உள்ளே போவது. நல்ல சமையல் கத்தியின் கூர்விளிம்புக்குச் சற்று மேலே அலகின் தடிமன் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும். விளிம்போ ஒரு மைக்ரான் அகலத்துக்குள் முடியும். ஜப்பானியக் கத்திகளைப் பக்கத்துக்கு 15 டிகிரி அளவிலும், ஜெர்மன் கத்திகளை 20 டிகிரி அளவிலும் தீட்டுவது வழக்கம். மெல்லிய கூரைத் தாங்க உருக்கு கூடுதல் கடினமாக இருக்க வேண்டும் என்பதால், ராக்வெல் அளவுகோலில் ஜெர்மன் கத்திகள் 56, 58 என்று நிற்க, ஜப்பானியக் கத்திகள் 60ஐத் தாண்டுகின்றன. அலங்காரக் கத்தியில் இந்தக் கணக்குக்கே இடமில்லை. தடித்த தகட்டின் ஓரத்தில் ஒரு சரிவை அரைத்து 'கூர்' என்று காட்டிவிடுவார்கள். ஷெஃபீல்டில் உள்ள கத்தித் தொழில் ஆய்வு நிறுவனமான கேட்ராவின் இயந்திரம் இதைச் சில நிமிடங்களில் காட்டிக் கொடுத்துவிடும். ஐஎஸ்ஓ 8442-5 என்ற தரப்படி, 5 விழுக்காடு சிலிக்கா கலந்த அட்டைக் கட்டின்மேல் கத்தியை ஒரே அழுத்தத்தில் முன்னும் பின்னும் 60 முறை ஓடவிட்டு, எவ்வளவு ஆழம் அறுத்தது என்று அளக்கிறார்கள். முதல் சில ஓட்டங்கள் கூரின் கூர்மையையும், மொத்தம் அதன் ஆயுளையும் சொல்லும். இரண்டும் தனித்தனி எண்கள். பெட்டியிலிருந்து எடுத்த அன்று காகிதத்தை அறுத்துக் காட்டும் கத்தியைக் கண்டு மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் இல்லை.

பிடிக்குள் என்ன இருக்கிறது என்பது இன்னொரு மறைவு. வேலைக் கத்தியில் அலகின் உருக்கே அகலம் குறையாமலோ, படிப்படியாக ஒடுங்கியோ பிடிக்குள் நீண்டு செல்லும். அது தோளில் ஒடுங்கத் தொடங்கும் மூலையை நல்ல கொல்லர் செங்கோணமாக வெட்ட மாட்டார், வளைவாக இழைப்பார். கூரான உள்மூலையில்தான் விசை குவியும், விரிசல் அங்கேதான் பிறக்கும். சுவர் வாள்களில் பல, பிடிக்குள் ஒரு மெல்லிய மரைக் கம்பியோடு முடிகின்றன. அந்தக் கம்பியை அலகின் அடியில் பற்றவைத்திருப்பார்கள். வேகமாக வீசும்போது முழுப்பளுவும் அந்தப் பற்றில் வந்து விழுகிறது.

இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு 1982இல் வந்த 'ஃபர்ஸ்ட் பிளட்' படத்தில் ராம்போ வைத்திருந்த கத்தி. முதுகில் ரம்பப் பல், உள்ளே குழாயாக வெற்றிடம் விட்ட பிடி, அதற்குள் ஊசி, நூல், தீக்குச்சி. அதை வடிவமைத்துச் செய்த ஜிம்மி லைல் அர்கன்சாஸ் மாநிலத்துப் பெயர்பெற்ற கத்திக் கொல்லர். அவர் செய்தது நிஜக் கத்தி. படம் ஓடிய வேகத்தில் 80களில் சந்தையை நிறைத்த மலிவு நகல்களுக்கு அந்த வெற்றுக் குழாய்தான் எமன். பிடி வெற்றிடம் என்றால் அலகின் உருக்கு உள்ளே நீளமாகச் செல்ல வழியில்லை. குழாயும் அலகும் சேரும் இடத்தில் ஒரு மரையையும் பசையையும் நம்பியே எல்லாம் நின்றது. கட்டையில் கொத்தியதும் ஆடத் தொடங்கின. அதே வடிவச் சிக்கலுக்கு தென்னாப்பிரிக்காவில் தொழிலைத் தொடங்கிய கிறிஸ் ரீவ் வேறொரு விடை கண்டார். ஒரே உருக்குப் பாளத்தைக் கடைந்து அலகையும் குழாய்ப்பிடியையும் இணைப்பே இல்லாமல் ஒன்றாக எடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் இந்தக் கத்தியும் நகல்களும் ஒரே குடும்பம். கனவிலிருந்து பிறந்த ஒரு வடிவம்கூடக் கத்தியாக முடியும், அதன் பலவீனத்தை யாராவது பொறுப்பேற்றுத் தீர்த்தால். 'ராம்போ 3' படத்துக்குக் கத்தி செய்த கில் ஹிப்பன் வேட்டைக் கத்திகளும் அடித்தார், விண்வெளித் தொடர்களுக்கான கற்பனைக் கத்திகளையும் வடித்தார். எதை எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்த கைக்கு இரண்டும் கைவரும்.

அலங்காரம் கத்திக்குப் பகை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. அவ்வகைக் கட்டாரிகளைப் பாருங்கள். கையைக் காக்கும் தகட்டில் யாளியும் கொடியும் பூவுமாக உருக்கைத் துளைத்து இழைத்திருப்பார்கள்; ஒரு விரற்கடை இடம்கூட வெறுமையாக இருக்காது. அலகோ நேரானது, ஓடை வெட்டியது, அடக்கமானது. 16, 17ஆம் நூற்றாண்டுக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த வாள்களின் அலகையே வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். கலைஞனுக்குக் கை பரபரத்திருந்தால் அலகிலும் யாளியைச் செதுக்கியிருக்கலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கூர்க்கா படைப்பிரிவுகளில் ஓய்வுபெறும் அதிகாரிகளுக்கு அளிக்கும் 'கோத்திமோரா' குக்ரியிலும் இதே முறைதான். வெள்ளி வேலைப்பாடெல்லாம் உறையில். உருவினால் வருவது குக்ரி.

என் கணக்கில் மிக நம்பகமான அடையாளம் இதுதான்: அலங்காரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? நல்ல கத்தியில் அது பிடியிலும் காப்பிலும் உறையிலும் அமர்ந்து கூரிலிருந்து ஒதுங்கி நிற்கும். கற்பனைக் கத்தியில் அது கூருக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. பின்னோக்கி வளைந்த முள் பிடிப்பவரின் மணிக்கட்டைக் கிழிக்கும். ஓட்டைகளும் வெட்டுப்பற்களும் விசையைத் தாறுமாறாகக் குவிக்கும். மூன்று முனை அலகுக்கு உறை தைக்க முடியாது, சாணைக் கல்லில் வைக்கவும் முடியாது. தீட்ட முடியாத கத்திக்கு ஒரே ஒரு கூர்தான் உண்டு, அது தொழிற்சாலையில் வைத்தது.

இந்த விதிக்கு இடறும் ஓர் ஆயுதம் உண்டு. ஜாவாவின் கெரிஸ். பல கெரிஸ்களில் அலகே பாம்புபோல் நெளியும். நிக்கல் கலந்த இரும்பை மடித்து மடித்து அடித்ததால் அலகு முழுக்க வரியோடியிருக்கும். பிடிக்குள் செல்லும் தண்டு சிறியது. துணி சுற்றி இறுக்கி நிறுத்துவார்கள். அமெரிக்கத் தேர்வில் முதல் கொத்திலேயே தோற்கும். ஆனாலும் அதை அலங்காரக் கத்தி என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. கெரிஸ் மரம் கொத்தப் பிறந்தது அல்ல. குத்துவதற்கும், குலத்தின் மானத்தை இடுப்பில் சுமப்பதற்கும் பிறந்தது. 'எம்பு' எனப்படும் கொல்லர் அந்த இரண்டு வேலைக்கும் தன் உழைப்பை முழுதாகக் கொடுக்கிறார். 2005இல் யுனெஸ்கோ அதை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. எனவே எல்லாக் கத்திக்கும் ஒரே தேர்வு வைக்க முடியாது. தேர்வை வேலைதான் வகுக்கிறது.

இந்தியப் படைக்கல விதிகளும் இந்த இடத்துக்கே வந்து சேர்கின்றன. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுதம் என்று வகைப்படுத்திவிட்டு, வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என வடிவமைத்தவற்றை விலக்குகின்றன. எத்தனை அங்குலம் என்று மட்டும் பார்த்தால் தென்னந்தோப்பு அரிவாள் எதுவும் தப்பாது; எதற்காகச் செய்தது என்று கேட்டதால் தப்புகிறது.

தமிழில் இந்த விவாதம் மிகப் பழையது. அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய ஆயுதச்சாலையைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். பீலி சூட்டி, நெய் பூசி, காவல் மிகுந்த கூடத்தில் இருக்கும் படைக்கலங்கள் ஒரு பக்கம். நுனியும் விளிம்பும் சிதைந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கும் அதியமானின் வேல்கள் மறுபக்கம். போரில் பயன்பட்டதா இல்லையா என்ற வேறுபாடாகவே இதைப் பள்ளியில் படித்தோம். அந்தக் கொட்டிலையும் கவனிக்க வேண்டும். சிதைந்த வேல் அங்கே போவதற்குக் காரணம், அதைத் திரும்பச் சூடேற்றி அடித்துக் கூராக்க முடியும் என்பது. முனை போனாலும் கொல்லனிடம் திரும்பிப் போக முடிந்த பொருளே உண்மையான படைக்கலம்.

அதே அளவுகோலில் சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கருப்பசாமி கோயில்களில் ஆளுயரத்துக்கு நட்டு வைத்திருக்கும் நேர்த்திக்கடன் அரிவாள்களை எங்கே வைப்பது? அவை எதையும் வெட்டுவதில்லை. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி இருக்கும் மண்ணில், சாமிக்கு நட்ட அரிவாளை எவரும் வேலைக்கான அரிவாள் என்று குழப்பிக்கொண்டதில்லை. தான் எது என்பதை அது மறைக்கவில்லை. என் மனத்தாங்கல் அலங்காரத்தின் மேல் இல்லை, வேடத்தின் மேல்தான்.

வேடங்களில் மிக வருத்தம் தருவது, நமக்குச் சொந்தமான ஒன்றின் பெயரால் நடப்பது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய ஊட்ஸ் உருக்கு உலகச் சந்தைக்குப் போய், மேற்காசியாவில் டமாஸ்கஸ் வாளாகப் புகழ்பெற்றது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை அளித்தார். மைக்கேல் ஃபாரடே அதன் கலவையைப் படியெடுக்க முயன்றார். ஆய்வாளர் சாரதா ஸ்ரீநிவாசன் தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் மூசைத் துண்டுகளைக் கண்டு அங்கே இந்த உருக்குத் தொழில் நடந்ததை 90களில் நிறுவினார். அந்த அலகில் ஓடிய நீர்வரி யாரும் வரைந்தது அல்ல. மெதுவாகக் குளிர்ந்த உருக்கில் வெனேடியம் போன்ற மிகச் சிறிய கலப்புகளைப் பற்றிக்கொண்டு கார்பைடு துகள்கள் வரிசை வரிசையாகத் திரண்டதால் வந்தது என்று 1998இல் வெர்ஹோவன், பென்ட்ரே குழுவினர் விளக்கினார்கள். இரு வகை உருக்கை அடுக்கி மடித்து அடித்து வரியெடுப்பது வேறு முறை. அதுவும் நேர்மையான வேலையே. ஆனால் இன்று 'டமாஸ்கஸ்' என்று விற்கும் மலிவுக் கத்திகள் பலவற்றில் வரி வெறும் லேசர் கீறல். உப்புத்தாளால் தேய்த்தால் இரண்டு வகையிலும் வரி மறையும். பெரிக் குளோரைடில் நனைத்தால் உண்மையானது மீண்டும் எழுந்து வரும். கீறல் திரும்பி வராது.

வாங்கப் போகிறவர் இவ்வளவு வேதியியலும் அறிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல கொல்லரிடம் போய் அரிவாள் வேண்டும் என்றால், அவர் விலை சொல்வதற்கு முன் "எதுக்கு?" என்று கேட்பார். தேங்காய் வெட்டவா, முள் கழிக்கவா, கறி வெட்டவா, பனை ஏறவா என்பதற்கு ஏற்ப எடையும் வளைவும் தோய்ச்சலும் மாறும். பனையேறியின் பாளை அரிவாள் இதற்கு உச்சம். பாளையின் நுனியைச் சருகு கனத்துக்குச் சீவிவிட வேண்டும். கூர் சற்று மழுங்கி நசுக்கினாலும் சுரப்பு குறைந்துவிடும். அதனால் அன்றாடம் பலகையில் கல்பொடி தூவித் தீட்டி, இடுப்புப் பெட்டியில் வைத்து ஏறுகிறார்கள். மட்டை கழிப்பதற்கு அதைத் தொடவே மாட்டார்கள். அதற்கு வேறு அரிவாள்.

கடையில் நின்று நீங்களும் அதே போலக் கேட்கலாம். இது என்ன உருக்கு, தோய்ச்சல் போட்டதா, அலகு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது, மழுங்கினால் எங்கே தீட்டுவது? கூரின் ஓரத்தில் ஒரு சிறு அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். தோய்ச்சல் கண்ட உருக்கில் அது எளிதில் கடிக்காது, வெறும் தகட்டில் பொடி உதிரும். விற்கிறவரிடம் விடை இல்லை, அரமும் கடிக்கிறது என்றால், கண்ணுக்குப் பிடித்திருந்தால் சுவருக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஓங்கி எதையும் வெட்டப் போகாதீர்கள். அருகில் பிள்ளைகள் நின்றால் அறவே வேண்டாம்.